தொண்டர் ஏற்ற பொறுப்பு

புற்றுநோய் என்ற சொல்லை உச்சரிக்கவே நம்மவர் அஞ்சுவர். பெண்களோ தமக்கு வந்த கட்டியை வீட்டார்க்கும் மறைப்பர். குரங்கணிச் சரிவுகளில் ஏலக்காய் பறிக்கும் நம் சகோதரிகளுக்கு மருத்துவமனைக்குப் போகும் நாள் கூலி இழக்கும் நாளன்றோ? வலியில்லாத கட்டிக்காக அதனை இழக்க எவள் துணிவாள்?

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இத்துயரை அறிந்தவர். 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம், அவர்தம் முயற்சியால் 1949-இல் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கிற்று. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு மருத்துவமனை திறக்கப்பெற்றது. மறு ஆண்டு பணியேற்ற டாக்டர் சாந்தா, 2021-இல் இறக்கும்வரை அதற்காகவே உழைத்தார்.

மருத்துவர்களைப் போற்றுகிறோம், நிதி திரட்டிய மாதரை மறந்துவிடுகிறோம். நம் ஊர்ச் சங்கங்களில் தலைவர் பதவி என்றால் மாலையும் பொன்னாடையும் நினைவுக்கு வரும்; கணக்கேடு நினைவுக்கு வருவது அரிது! தொண்டுக்கென வந்த பணம் எவருக்குச் சென்றது, எவருக்குச் செல்லவில்லை என்று கேட்பதே நிர்வாகக் குழுவினரின் முதற்கடமை. பணமில்லாத நோயாளி வாயிலிலேயே திரும்பிவிட்டால் அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் அவர்களே.

கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் மெல்ல வளர்வது. முன்னரே கண்டால் தடுக்கலாம். அரசு சுகாதார நிலையங்களில் இதற்கான சோதனைக்குக் கட்டணமில்லை. எனினும் போடிக்கு இறங்கும் பெண்ணுக்கு ஜீப் கட்டணமும், இழந்த கூலியும், துணைக்கு ஒருத்தியும் வேண்டும். நம் பங்கின் மாதர் சங்கம் அடுத்த கூட்டத்தில் முதலில் இதற்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று பேசட்டும்.