பிள்ளைகள் கையில் மேப்பைக் கொடுங்கள்

காலாண்டுப் பரீட்சை லீவு வந்தால் நம் பக்கத்துக் கிராமங்கள் ஏதாவது ஒன்றில் என்.எஸ்.எஸ். முகாம் நடக்கும். ஏழு நாள். பிள்ளைகள் கோயில் வளாகத்தில் புல் செதுக்குவார்கள், வேப்பங்கன்று நடுவார்கள், பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம் போவார்கள். கடைசி நாள் தலைவருக்குப் பொன்னாடை. புல் செதுக்குவது கெட்ட காரியம் இல்லை. ஆனால் மறு வருஷம் போய்ப் பாருங்கள், கன்று இருந்த இடத்தில் குழிதான் இருக்கும். அந்த ஏழு நாளையும் வேறு மாதிரிச் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஓரியன்டீரிங் என்று ஒரு ஓட்டப் போட்டி இருக்கிறது. கையில் ஒரு மேப், ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான். மேப்பில் வட்டம் போட்டுக் காட்டிய இடங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தேடிப் போக வேண்டும். அங்கே வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த ஒரு துணி தொங்கும். அட்டையில் துளை போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு. எல்லோரையும் ஒன்றாக ஓடவிடமாட்டார்கள். ஒருவர் போய்ச் சில நிமிஷம் கழித்துத்தான் அடுத்தவர். முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துப் போக முடியாது. எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதே இந்த ஒரு விதியால்தான்.

சுவீடன்காரர்கள் இதைப் பெரிதாக வளர்த்தவர்கள். எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி 1919-ல் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் நடத்திய போட்டியில் இருநூறு பேருக்கு மேல் ஓடினார்கள். 1965 முதல் அங்கே ஓ-ரிங்கன் என்று கோடையில் ஒரு வாரத் திருவிழாவே நடக்கிறது. ஐந்து நாள் போட்டி, ஆயிரக்கணக்கான பேர். பத்து வயதுப் பிள்ளைக்கும் பிரிவு உண்டு, தொண்ணூறு தாண்டிய கிழவருக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சிப் பாடத்திலேயே மேப் பார்த்து வழி கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறார்கள்.

"அது குளிர் தேசம், நமக்கு எதுக்குவே?" என்று கேட்பீர்கள். மேப் விஷயத்தில் நாம் ஒன்றும் நேற்று முளைத்தவர்கள் இல்லை. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த அந்தப் பெரிய சர்வே 1802-ல் நம் சென்னைப் பரங்கிமலை பக்கத்தில்தான் தொடங்கியது. லாம்ப்டன் துரை அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாடு முழுக்க அலைந்தார். 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அந்தக் கருவி அடிபட்டது. அதை உட்கார்ந்து சரிசெய்துகொண்டு மேலே அளந்தார். உலகத்திலேயே கவனமாக அளக்கப்பட்ட மண்ணில் வாழ்கிறோம், ஐயா.

அளந்த படத்தை என்ன செய்தோம்? பூட்டி வைத்தோம். டோப்போ ஷீட் வாங்குவது என்றாலே அனுமதி, கையெழுத்து, காரணம். எல்லைப்புறத்து ஷீட்டும் கடலோர ஷீட்டும் ரகசியம். 2017-ல்தான் சர்வே ஆஃப் இந்தியா தன் படங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழிசெய்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளை நன்றாகத் தளர்த்தியது. பூட்டு திறந்தாயிற்று. உள்ளே போகத்தான் ஆள் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு மேப் என்றால் கடையில் வாங்கும் அவுட்லைன் மேப். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று மலை, நான்கு நதி, இரண்டு துறைமுகம் குறித்துவிட்டு வந்தால் மார்க். பெரியாறு சிவகிரி மலையில் உற்பத்தியாகிறது என்று ஒப்பிப்பான். அந்த மலை எது தம்பி, கையை நீட்டிக் காட்டு என்றால் மேற்கே மொத்தமாகக் கையை வீசுவான்.

பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தோம்? முப்பது வருஷத்துக்கு மேல் செயினும் கிராஸ் ஸ்டாஃபுமாக வரப்பு வரப்பாக நடந்தவன் சொல்கிறேன். நம் ஜனங்கள் மேப்பை விரித்துப் பார்ப்பது வரப்புச் சண்டையில் மட்டும்தான். எஃப்.எம்.பி.யில் அரை லிங்க் வித்தியாசத்துக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவார்கள். அதே தாளை வைத்துக்கொண்டு ஓடைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேட்டவர் என் சர்வீஸில் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம்.

தண்ணீர் என்றதும் குற்றாலம் ஞாபகம் வருகிறது. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மேப் படித்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்லுகிற அளவுக்கு எனக்கு மனசு கல்லாகிவிடவில்லை. ஆனால் அருவிக்கு மேலே எவ்வளவு மலை இருக்கிறது, எத்தனை ஓடை வந்து சேருகிறது, இங்கே வெயில் அடித்தாலும் அங்கே பெய்த மழை எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பதெல்லாம் டோப்போ ஷீட்டில் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. கோடுகள் நெருங்கினால் செங்குத்து. கோடு மலையைப் பார்த்து வளைந்து கூர்மையானால் ஓடை. ஒரு நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒரு முறை அந்தக் கோடுகளை நம்பி நடந்து பார்த்த பிள்ளை, அதற்குப் பிறகு எந்த அருவிக்கு அடியில் நின்றாலும் ஒரு தடவை நிமிர்ந்து மேலே பார்க்கும்.

போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நீ நிற்கிற இடத்தில் ஒரு நீலப் புள்ளி காட்டும். சார்ஜ் தீர்ந்தால் புள்ளியும் போச்சு, நீயும் போனாய். அரசாங்கம் 2024 அக்டோபரில் மலையேற்றத்துக்கு நாற்பது பாதைகளைத் திறந்துவிட்டது. வழிகாட்டி கூடவே வருவார். நல்ல ஏற்பாடு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் ஆயிற்று. ஆனாலும் அது இன்னொருவர் பின்னால் நடப்பதுதான்.

காட்டுக்குள் பிள்ளைகளை விடச் சொல்கிறேனா என்று ஒரு தலைமையாசிரியர் பதறினார். இல்லை. மேலே புலியும் யானையும் இருக்கின்றன, வனத்துறை விடவும் மாட்டார்கள், விடவும் கூடாது. நமக்குக் காடு எதற்கு? பாலசுப்பிரமணியர் குன்றின் அடிவாரம் இருக்கிறது. கோடையில் வற்றிக் கிடக்கும் குளங்கள் இருக்கின்றன. எலுமிச்சைத் தோப்பு, ஓடைக்கரை, கரும்புக்காட்டு வண்டிப்பாதை எல்லாம் இருக்கிறது. அவருடைய அடுத்த கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. "இதுக்கு மார்க் உண்டா சார்?"

ஏழு நாளும் போதும். முதல் நாள் நூறு மீட்டருக்கு எத்தனை தப்படி என்று அவரவர் காலை அளந்துகொள்வது. இரண்டாம் நாள் திசைகாட்டி. நம் பக்கத்தில் முள் காட்டும் வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் ஓரிரண்டு டிகிரிதான் வித்தியாசம், அதனால் கணக்குப் போட்டு மண்டையை உடைக்க வேண்டாம். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சமஉயரக் கோடு; சிவகிரிக்கு 58 ஜி/7 ஷீட்டை விரித்து வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர். ஐந்தாம் நாள் எஃப்.எம்.பி.யையும் வானத்திலிருந்து எடுத்த படத்தையும் வைத்துக் குளத்தைச் சுற்றிப் பிள்ளைகளே பெரிதாக ஒரு மேப் வரையட்டும். கடைசி இரண்டு நாள் போட்டி. பெண் பிள்ளைகளும் தனியாகத்தான் ஓட வேண்டும், நாலு பேர் கும்பலாக இல்லை. திறந்த குளக்கரையில், பத்தடிக்கு ஒரு வாத்தியார் நிற்கிற இடத்தில் அதற்குக்கூட அனுமதி கிடைக்காதென்றால் நாம் என்ன ஊர்?

திசைகாட்டி பத்து வாங்க ஒரு பொன்னாடைச் செலவைவிடக் கொஞ்சம் கூட ஆகும். அதை நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். என் பழைய கிராஸ் ஸ்டாஃப் பரணில் இருக்கிறது. மூட்டுவலி இருந்தாலும் குளத்துக்கரை வரை நடப்பேன். இந்தக் காலாண்டு லீவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.