பழைய ரேடியோவும் 'ஒரிஜினல்' மோகமும்

வால்வு ரேடியோ சேகரிப்பவர்களில் ஒரு கூட்டம் உண்டு. உள்ளே ஒரேயொரு கண்டென்சரை மாற்றினாலும், "அய்யய்யோ, ஒரிஜினாலிட்டி போச்சே!" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். பரணிலிருந்து இறக்கிய ரேடியோவைத் தூசு தட்டி நேராக 230 வோல்ட்டில் சொருகுவார்கள். பாட்டு வந்துவிட்டால், "பார்த்தீங்களா, அந்தக் காலத்துச் சரக்கு!" என்ற பெருமை வேறு.

பாட்டு வருவதும் ரேடியோ நலமாக இருப்பதும் ஒன்றா என்ன?

1950களின் ரேடியோக்களில் பெரும்பாலும் இருப்பவை மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சர்கள். வருடக்கணக்கில் ஈரம் புகுந்தால் காகிதம் மின்சாரத்தைக் கசியவிடும். அவுட்புட் வால்வுக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரையே பாருங்கள். அதன் ஒரு பக்கம் 105 வோல்ட், மறுபக்கம் கிரிட்டிலிருந்து சேஸிஸுக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர் என்று வையுங்கள். கண்டென்சரின் கசிவு 20 மெகாஓம் என்றால் கிரிட்டில் 5 வோல்ட் ஏறிவிடும். ஈஎல்84 வால்வில் கிரிட், கேத்தோடைவிடச் சுமார் 7 வோல்ட் கீழே நிற்க வேண்டும்! வால்வு மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுக்கும், சூடேறும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரியலாம். சில ரூபாய் சாமானைக் காப்பாற்றப் போய், தேடினாலும் கிடைக்காத டிரான்ஸ்பார்மரைப் பறிகொடுப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

"மல்டிமீட்டரில் நன்றாகத்தான் காட்டுகிறது" என்பது அடுத்த வாதம். மல்டிமீட்டர் ஓம்ஸ் அளப்பது ஒரு சில வோல்ட்டில். கசிவின் முழு யோக்கியதை தெரிவது 100, 200 வோல்ட் ஏறும்போதுதான்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. சில ரேடியோக்களில் மெயின்ஸுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு காகிதக் கண்டென்சர் இருக்கும். எர்த் இல்லாத வீட்டில் அது ஷார்ட் ஆனால், சேஸிஸைத் தொடும் கைக்கு ஷாக்தான். அந்த இடத்தில் அதற்கென்றே வரும் ஒய் வகுப்புக் கண்டென்சரைத்தான் போட வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் பிடுங்கி எறிவதும் முட்டாள்தனமே. மைக்கா, செராமிக் வகைகள் பெரும்பாலும் இன்றும் சரியாகவே வேலை செய்யும். டியூனிங் பகுதியில் இருப்பவற்றைச் சும்மா நோண்டினால் அலைவரிசை இடம் மாறும். மாற்ற வேண்டியவை காகிதமும், உள்ளே காய்ந்துபோய் ஸ்பீக்கரில் உறுமலைக் கொண்டுவரும் எலக்ட்ரோலிட்டிக்கும்தான். அழகு கெடக்கூடாது என்றால், பழைய கூட்டைக் குடைந்து அதற்குள் 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சரை வைத்து மூடுங்கள். யார் கண்ணுக்கும் தெரியாது.

டயரை மாற்றியதால் பழைய காரின் பழமை போய்விட்டது என்று யாரும் அழுவதில்லை. கண்டென்சரும் தேய்கிற சாமான்தான்.