அரங்கில் நின்ற இரு அன்னையர்



கலை எதற்காக? பொழுதுபோக்கிற்கு என்பர் சிலர். நீதி புகட்டுவதற்கு என்பர் வேறு சிலர். பண்டைய கிரேக்க, உரோமை அரங்குகளில் தோன்றிய இரு அன்னையரை இம்மாதம் நாம் சந்திப்போம். அவர்கள் தரும் விடை வேறொன்று.

கி.மு. 480-இல் பாரசீக மன்னன் செர்க்ஸஸ் ஏதென்ஸ் நகரைக் கைப்பற்றி, அக்ரோபோலிஸ் குன்றின்மீதிருந்த கோவில்களைத் தீக்கிரையாக்கினான். அதே ஆண்டு சாலமிஸ் கடற்போரில் கிரேக்கர் அவன் கப்பற்படையை முறியடித்தனர். எட்டு ஆண்டுகள் கழித்து, கி.மு. 472-இல், அதே குன்றின் தென்சரிவில் அமர்ந்து ஏதென்ஸ் மக்கள் ஒரு நாடகம் கண்டனர். எஸ்கிலஸ் இயற்றிய 'பாரசீகர்' என்பது அதன் பெயர்.

ஆசிரியரோ மராத்தான் களத்தில் பாரசீகரை எதிர்த்துப் போரிட்டவர். வெற்றி முழக்கத்தையே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் நாடகம் நிகழ்வது பகைவனின் அரண்மனை முன்னே. செர்க்ஸஸின் தாய் தீக்கனவு கண்டு கலங்கி வருகிறாள். தூதன் தோல்விச் செய்தியைக் கொணர்கிறான். மாண்ட பாரசீகத் தலைவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாய் ஒலிக்கின்றன; கிரேக்கத் தளபதி ஒருவரின் பெயரேனும் சொல்லப்படவில்லை. இறுதியில் கிழிந்த உடையுடன் மன்னன் திரும்ப, முதியோரின் பாடற்குழு குழலிசைக்கேற்ப ஆடியும் பாடியும் அவனோடு புலம்புகிறது. ஏதென்ஸின் பெருமையும் இந்நாடகத்தில் பேசப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் அழுகுரல் பகைவனுடையது. அவ்வாண்டு முதற்பரிசு அதற்கே கிடைத்தது.

இதற்கு முன்னர் நடந்த ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். பிற்காலத்தில் பவுலடியார் எபேசு மூப்பர்களிடம் விடைபெற்ற மிலேத்து நகர், கி.மு. 494-இல் பாரசீகரிடம் வீழ்ந்தது. பிரினிக்கஸ் என்பவர் அதை நாடகமாக்கியபோது அரங்கே அழுதது. தங்கள் துயரை நினைவூட்டிய குற்றத்திற்காக ஏதென்ஸ் மக்கள் அவருக்கு 1,000 திராக்மா தண்டம் விதித்தனர் என வரலாற்றாசிரியர் எரோதோத்து எழுதுகிறார். தம் கண்ணீரைக் காணப் பொறாதவர்கள் பகைவனின் கண்ணீருக்குப் பரிசளித்தனர்!

இனி உரோமைக்குச் செல்வோம். கி.மு. 165-இல் டெரன்ஸ் 'மாமியார்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். மகன் வெளியூர் சென்றிருக்கையில் மருமகள் தாய்வீடு திரும்பிவிடுகிறாள். பழியெல்லாம் மாமியார்மீது விழுகிறது. கணவனும் அவளையே ஏசுகிறான். உண்மைக் காரணம் வேறு. ஆயினும் மருமகள் திரும்பி வரட்டும் என்று அம்மூதாட்டி தானே நாட்டுப்புறம் சென்றுவிட முன்வருகிறாள்.

இவள் கதையைக் கேட்க உரோமையருக்குப் பொறுமையில்லை. முதன்முறை, குத்துச்சண்டையும் கயிற்றின்மேல் நடப்பவனும் வருவதாகக் கூச்சல் எழ, நாடகம் நின்றது. கி.மு. 160-இல் மீண்டும் நடித்தபோது, வாள்வீரர் வருகின்றனர் என்ற வதந்தி பரவியது. இடம்பிடிக்க முண்டியடித்த கூட்டத்தால் அதுவும் நின்றது. அவ்வாண்டிலேயே மூன்றாம் முறை, குழுத் தலைவர் அம்பீவியஸ் துர்ப்பியோ மேடையேறி, அமைதி காக்குமாறு மக்களை வேண்டினார். அதன் பின்னரே நாடகம் முழுமையாக நடந்தேறியது.

பகைவனின் தாய், வீட்டின் மாமியார்: இவ்விருவர்மீதும் கேட்குமுன்பே நாம் தீர்ப்பெழுதிவிடுகிறோம். அத்தீர்ப்பைச் சற்று நேரம் நிறுத்திவைத்து, அவர்கள் பேசுவதைக் கேட்கச் செய்வதே நற்கலையின் தொண்டு. நம் இல்லங்களிலும் மூன்றாம் முறையேனும் செவிமடுக்கப்படுவோமா என்று காத்திருப்போர் உளரோ? இன்றிரவு உணவு வேளையில் சற்றே சிந்திப்போம்.