சரிபார்ப்பால் மிஞ்சியது எவ்வளவு?

விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் உழவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும், ஜொகூர் பாருவில் குடியேறிய ஊர்க்காரர் ஒருவரின் வணக்கம்.

நிலமுள்ள உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியற்ற பெயர்கள் திரளாகப் புகுந்தது 2020இல் அம்பலமானது. முறைகேடு சுமார் 110 கோடி ரூபாய் என்று அவ்வாண்டு செப்டம்பரில் மாநில வேளாண்மைத் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தபோது, 32 கோடி மீட்கப்பட்டிருந்தது. போன பணமும் திரும்பிய பணமும் வங்கிக் கணக்கில் எண்ணிப் பார்க்கத்தக்கவை. ஆனால் சேமிப்பு என்று அரசுகள் அறிவிப்பது பெரும்பாலும் மூன்றாவது வகை, அதாவது நீக்கிய பெயர் பட்டியலில் நீடித்திருந்தால் இனிமேல் எவ்வளவு போயிருக்கும் என்னும் மதிப்பீடு. அயர்லாந்தின் சமூகப் பாதுகாப்புத் துறையும் குறைக்கப்பட்ட வாரத் தொகையை, வரையறுத்த வாரங்களின் எண்ணிக்கையால் பெருக்கியே இதைக் கணிக்கிறது. ஓர் இலட்சம் பெயர்களை நீக்கினால் ஓராண்டுக்கு 60 கோடி, ஐந்தாண்டுக்கு 300 கோடி எனக் காலத்தை நீட்ட நீட்டத் தொகை வளரும். கருவூலத்துக்கு அதனால் ஒரு ரூபாயும் கூடுதலாக வருவதில்லை.

காரணத்தைப் பிரித்தறியாத கணக்கு இன்னும் பெரிய பிழை. சமையல் எரிவாயு மானியத்தை நேரடியாக வங்கியில் செலுத்தும் பஹல் திட்டத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2016ஆம் ஆண்டு அறிக்கை, 2014 ஏப்ரல்–டிசம்பரைவிட 2015இன் அதே மாதங்களில் மானியச் செலவு 23,316 கோடி ரூபாய் குறைந்ததைக் கண்டு, அதில் மானிய சிலிண்டர்களை நுகர்வோர் வாங்குவது குறைந்ததால் வந்தது ஏறக்குறைய 1,764 கோடி மட்டுமே என்றும், எஞ்சியது முழுவதும் கச்சா எண்ணெய் விலை சரிந்ததால் வந்தது என்றும் காட்டியது. ஜொகூரிலும் இதே கேள்வி எழுகிறது: தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று மானியம் விலக்கப்பட்டு டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆக உயர்ந்தபின் விற்பனை குறைந்திருந்தால், அதில் கடத்தல் நின்றதால் குறைந்தது எவ்வளவு, விலைக்கு அஞ்சி மக்கள் சுருக்கிக்கொண்டது எவ்வளவு என்று பிரிக்காமல் சேமிப்பைச் சொல்ல இயலாது.

எல்லாவற்றிலும் கொடியது, தகுதியுள்ளோர் தவறாக நீக்கப்படும்போது அந்தத் தொகையும் சேமிப்பில் சேர்ந்துவிடுவதே. ஜார்கண்டில் போலி என்று நீக்கப்பட்ட குடும்ப அட்டைகளில் மிகப் பெரும்பான்மை உண்மையான குடும்பங்களுடையவை என்று ஆய்வாளர்கள் கண்டனர். ஆதாரில் எழுத்து மாறியதாலோ கைரேகை தேய்ந்ததாலோ முதியவர் ஒருவர் இழக்கும் உதவித்தொகை, ஏட்டில் ஊழல் ஒழிப்பின் வெற்றியாகப் பதிவாவது அநீதி.

ஆகவே அடுத்த கிராம சபையில், மீட்ட தொகை, நிறுத்திய தொகை, தவறாக நீக்கித் திரும்பச் சேர்த்த பெயர்கள், சரிபார்ப்புக்கு ஆன செலவு ஆகிய நான்கையும் தனித்தனியே படிக்குமாறு கேட்டு, அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள்.