மாதுளையும் மாங்காயும்

புதுவையினின்று வடக்கே மரக்காணம் வரை நீளும் கடற்கரையில், கடலுக்கு அணித்தே அமைந்த சிற்றூர் குயிலாப்பாளையம். அதற்குத் தெற்கே அரிக்கமேடு. வடக்கே உப்பளங்கள் விரிந்த மரக்காணம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்புளூசு' என்னும் கடல்வழிக் கையேடு, கீழைக் கரையின் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபத்துமா என மூன்றைச் சுட்டுகின்றது. பொதுகே என்பது அரிக்கமேடு என்றும், சோபத்துமா என்பது எயிற்பட்டினமாகிய மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கொள்வர். யவனர் நாவாய்கள் அறிந்திருந்த இரு துறைகளுக்கும் இடைப்பட்ட கரை இது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது வெளிப்பட்ட உரோமானிய மட்கலங்கள் அவ் உறவுக்கு மறுக்கலாகாச் சான்றுகள்.

அன்று யவனர் தேறலும் பொன்னும் கொணர்ந்து, மணியும் துகிலும் மிளகும் கொண்டேகினர். இன்றோ அவர்தம் தொன்மக் கதைகளே வேறொரு கலத்தில் ஏறித் தமிழ்க்கரை வந்தடைகின்றன. அக் கலம் ஆங்கிலக் காதற் புதினம். 1968-இல் ஆரோவில் நிறுவப்பெற்ற பின் பன்னாட்டாரும் வந்து பழகும் இடமாகிவிட்ட குயிலாப்பாளையத்தில் மட்டுமன்று, ஆங்கிலம் படித்த தமிழிளைஞர் உள்ள ஊர்தோறும் இக் கதைகள் கைம்மாறிச் செல்கின்றன. அக்கிலசின் குதிகாலை அறிந்த இளைஞர்க்கு ஆட்டனத்தியின் பெயர் தெரியாது. கிர்க்கேயின் தீவை அறிந்த நங்கைக்கு மருதி கடல்புக்க கதை தெரியாது. இந் நிலைக்குப் பழி யாரைச் சாரும் என்பதே ஆராயத் தக்கது.

முதற்கண் அப் புதினங்கள் எத்தகையன எனக் காண்டல் வேண்டும். பகைமொழி கூறித் தள்ளிவிடுதல் எளிது. அஃது அறிவுடையார் செயலன்று. கனடாவைச் சேர்ந்த மார்கரெட்டு ஆட்வுட்டு, ஒடிசியசின் மனைவி பெனலோப்பே தன் கதையைத் தானே கூறுவதாக 2005-இல் ஒரு நூல் யாத்தார். அமெரிக்கரான மேடலின் மில்லர் 2011-இல் அக்கிலசும் பத்திரோக்கிளசும் கொண்ட அன்பைப் புதினமாக்கினார். 2012-இல் அதற்கு ஆரஞ்சுப் பரிசு கிடைத்தது. ஓமரின் ஒடிசியில் இடையே தோன்றி மறையும் கிர்க்கேயை 2018-இல் முழுப் புதினத்தின் தலைவியாக்கினார். அதே ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் பேட்டு பார்க்கர் பிரிசேயிசை எடுத்துக்கொண்டார். இலியத்தில் இரு மறவர்தம் பூசலுக்கே கரணியமாக இருந்தும், ஓரிடத்தில் மட்டுமே வாய்திறந்து புலம்பும் சிறைப்பெண் அவள். அவளுக்கு நூல் நிறையப் பேசும் உரிமையைப் பார்க்கர் வழங்கினார்.

இவருள் மில்லர், பள்ளி மாணவர்க்கு இலத்தீனமும் கிரேக்கமும் பயிற்றியவர். தம் முதற் புதினத்தை எழுத அவருக்குப் பத்தாண்டுகள் ஆயின. மூலமொழியைக் கற்றுத் துறைபோய பின்னரே அவர் கதை சொல்லப் புகுந்தார். முன்னோர் நூலுள் ஓரிரு அடியில் ஒதுங்கி நின்ற பெண்ணைக் கைப்பிடித்து நடுக்களத்திற்கு அழைத்து வருவதே இவர்தம் முறை. இம் முறையில் இழுக்கொன்றுமில்லை, போற்றற்குரியதே ஆகும்.

ஆயின், நெல்லொடு பதரும் விளைந்துள்ளது. கீழுலக இறைவனாகிய ஏடீசு, பூக்கொய்து நின்ற பெர்சிபோனியைத் தேரேற்றிக் கவர்ந்து சென்றான் என்பது பழங்கதை. அவள் கூவி அழுதாள் என்றும், தாய் தெமெத்தர் உலகெங்கும் தேடி அலைந்தாள் என்றும், மாதுளை விதையொன்றை உண்பித்த சூழ்ச்சியால் ஆண்டில் மூன்றிலொரு பங்கு அவள் கீழுலகில் வாழ நேர்ந்தது என்றும் தொல்கிரேக்கப் பாட்டு கூறும். இற்றைக் காதற் புதினங்கள் பல, அழுத பெண்ணின் கண்ணீரைத் துடைத்தெறிந்துவிட்டுக் கவர்ந்தவனைக் கட்டழகனாகவும் செல்வனாகவும் தீட்டி, கவர்தலையே காதலாக விலைபேசுகின்றன. படிக்கும் இளநெஞ்சம் வன்செயலைப் பேரன்பு என்று மயங்கும் இடம் இதுவே.

இங்கே தமிழர் கையில் ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் ஒத்த அன்பை ஐந்திணை என்று நடுவில் நிறுத்தினார். ஒருதலை விழைவைக் கைக்கிளை என்றும், பொருந்தா விழைவைப் பெருந்திணை என்றும் இரு புறத்தும் ஒதுக்கினார். காதலனொடு தன் விருப்பால் ஊர்விட்டுச் செல்லும் பெண்ணின் செலவுக்கு உடன்போக்கு என்று பெயரிட்டதும் இத் தமிழே. 'உடன்' என்னும் அவ் ஒரு சொல்லில் அவள் உள்ளத்தின் இசைவு நிற்கின்றது. கவர்ந்து சென்றதை உடன்போக்கு என்று எந்தப் புலவனும் பாடினானல்லன். இவ் அளவுகோலைக் கையிற்கொண்ட தமிழ்ப்பெண், ஏடீசின் தேரைக் கண்டு மயங்காள். அதனை அவளிடம் கொடுத்தவர் எவர் என்பதே வினா.

பழங்கதையைப் புதுக்கிச் சொல்லுதல் கிரேக்கர்க்கும் புதிதன்று. எகித்து நாட்டின் ஆக்சிரிங்கசு என்னும் ஊரில் கிடைத்த, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தாளேடு ஒன்றில் நகைநாடகம் ஒன்று உள்ளது. இந்தியக் கடற்கரை அரசன் ஒருவனிடம் சிறைப்பட்டுப் பலியிடப்பெற இருந்த கரித்தியோன் என்னும் கிரேக்க நங்கையை, அவள் தமையன் கலத்தில் வந்து, அரசனையும் ஆட்களையும் தேறலால் மயக்கி மீட்டுச் செல்கிறான். யூரிப்பிடிசு எழுதிய இபிசீனியா கதையின் சாயலே இது. அதில் இந்நாட்டார் பேச்சாக வருஞ் சொற்களைத் திரவிட மொழியொன்றன் சொற்கள் எனச் சிலர் கருதுவர்; துணிபு இல்லை. ஆயின் ஒன்று தெளிவு: தம் தொன்மத்தைப் புதுக்கிய கிரேக்கர், அதில் இந்நாட்டார்க்குத் தந்த இடம் குடித்து மயங்கும் மூடரின் இடமே. பிறர் சொல்லும் கதையில் தன் முகத்தைத் தேடுவார்க்கு அதற்குமேல் கிடைப்பதரிது.

தமிழிலும் இக் கலப்பு நிகழ்ந்தது. கரிகாலன் காலத்துப் புகார்க் கரையில் யவன அரசியொருத்தி வந்து ஒதுங்குவதாகச் சாண்டில்யன் புனைந்த 'யவன ராணி', குமுதம் இதழில் தொடராக வந்து எண்ணற்றோரைக் கவர்ந்தது. பழந்தமிழகத்தின்பால் பொதுமக்கள் நெஞ்சை ஈர்த்த பணி அதற்குண்டு, மறுத்தல் நேர்மையாகாது. எனினும், கரிகாலன் காலத்தைப் பாடவந்த நூல் வடசொல் மிடைந்த நடையில் எழுதப்பட்டது. தலைப்பே 'அரசி' என்னாது 'ராணி' என்றது. புகாரின் கதையைப் புகாரின் சொல்லாற் சொல்ல இயலாதென்னும் எண்ணத்தை அது வளர்த்தது.

இனி, சொல்லப்படாமற் கிடக்கும் செல்வத்தைப் பார்க்க. நீராடச் சென்ற சிறுபெண் ஒருத்தி, ஆற்றுநீர் கொணர்ந்த பசுங்காய் ஒன்றை எடுத்துத் தின்றாள். அது நன்னனின் காவல் மாமரத்துக் காய். எண்பத்தோரு யானைகளும் அவளை ஒத்த பொற்பாவையும் ஈடாகத் தருவதாக அவள் சுற்றத்தார் இரந்தும் ஏலாது, நன்னன் அவளைக் கொன்றான். குறுந்தொகையில் பரணர் இதனைக் கூறுகின்றார். பெர்சிபோனி உண்ட மாதுளை விதை நூற்றுக்கணக்கான ஏடுகளில் முளைத்துவிட்டது. இப் பெண் தின்ற மாங்காய் இரண்டாயிரம் ஆண்டுகளாக அவ் ஆற்றிலேயே மிதக்கின்றது. அவள் பெயரும் பாட்டில் இல்லை. பெண்கொலை புரிந்த அரசன் பெயர் நின்றது. கொலையுண்ட பெண்ணின் பெயர் நிற்கவில்லை. புதினம் எழுதுவார்க்கு இதனினும் கூரிய அழைப்பு வேறு வேண்டுமோ?

தந்தையின் கொலைக்குப் பழிவாங்கத் துடித்த எலெக்திராவை 2022-இல் செனிபர் செயிண்டு புதினமாக்கினார். அன்னி மிஞிலியைத் தமிழர் எத்துணைப்பேர் அறிவர்? பயற்றுக் கொல்லையில் ஆ புகுந்ததற்காக அவள் தந்தையின் கண்களைக் கோசர் களைந்தனர். அவள் கலத்தில் உண்ணாள். தூய உடை உடாள். வஞ்சினம் முடியுங்காறும் அவ்வாறே இருந்தாள். திதியனுக்கு உரைத்துக் கோசரைக் கொல்வித்த பின்னரே சினம் தணிந்தாள். இதனையும் அகநானூற்றில் பரணரே பாடினார்.

காவிரி கவர்ந்த ஆட்டனத்தியைத் தேடி, ஊரூராய், ஆற்றின் ஓட்டத்தோடு கடல்வரை சென்றவள் ஆதிமந்தி. அவளைப் பாவேந்தரும் கண்ணதாசனும் பாடினர். அவர்க்கு நன்றி உரித்து. ஆயின் மருதி? அத்தியை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுத் தான் கடலுட் புகுந்த அப் பெண் யார்? அவனை எவ்வாறு கண்டாள்? ஏன் மடிந்தாள்? அவளும் அவனைக் காதலித்தாளா? பரணர் பாடிய சில சீர்களுக்குள் அவள் நிற்கின்றாள். கிர்க்கேக்கும் பிரிசேயிசுக்கும் வாய்த்த புதினம் மருதிக்கு வாய்க்க வேண்டாவா?

ஈண்டு ஒரு மறுப்பு எழும். பிறமொழிக் கதை படித்தல் குற்றமோ, தனித்தமிழ் என்பது கதவடைத்தலோ எனச் சிலர் வினவுவர். அன்று. தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளே ஆங்கிலக் காதற்கதை ஒன்றைத் தழுவிக் 'குமுதவல்லி நாகநாட்டரசி'யை எழுதினார். பொருள் எங்கிருந்தும் வரலாம். அதனைத் தமிழ் தன்மயமாக்கிக் கொள்ளும். யவனர் விளக்கையும் யவனர் தேறலையும் பாட்டில் ஏற்றிக்கொண்ட புலவர்க்கு யவனர் கதை அச்சமூட்டாது. அச்சமூட்டுவது வேறு: தன் வீட்டுக் கதையை அறியாத பிள்ளை, பிறர் கதையையே தன் கதையென்று பற்றிக்கொள்வது.

எனவே பழி அப் பிள்ளையைச் சாராது; யவனரையும் சாராது. பொருளறிந்தும் கதை சொல்லாத தமிழ்ப் புலவரையே சாரும். கழகப் பாடல்களுக்கு உரை குவிந்துள்ளது. உரைக்கு உரையும் குவிந்துள்ளது. மேடைதோறும் பெருமை முழங்குகின்றது. பதினாறு அகவை நங்கை இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கும் ஒரு புதினம், தூய தமிழில், மாங்காய் தின்ற அப் பெண்ணைப் பற்றி உண்டா என்று கேட்டால் மேடை அமைதியுறுகின்றது. பெருமை பேசுதல் பிள்ளைக்குச் சோறாகாது. தூய தமிழ் கதைக்கு ஏலாது என்னும் பழிச்சொல்லை மறுப்புரையால் வெல்ல இயலாது. நல்ல கதையாலேயே வெல்ல இயலும்.

களம் தொலைவில் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் எயிற்பட்டினக் கரையைக் காட்டுகின்றார். அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமிக்க மரங்கள், உறங்கும் ஒட்டகங்களைப்போல் மணலிற் கிடக்கின்றன. அவற்றையே விறகாக எரித்து நுளைமகள் தேறல் சமைக்கின்றாள். எந் நாட்டுக் கலம் உடைந்து அம் மரங்கள் வந்தன? அந் நுளைமகள் யாருக்காகக் காத்திருந்தாள்? இரங்கலைத் தனக்குரிய பொருளாகக் கொண்ட நெய்தல் திணையின் கரையன்றோ அது! மரக்காணத்து உப்பளங்கள் இன்றும் வெண்மையாய் விரிந்து கிடக்கின்றன. குயிலாப்பாளையத்துப் பிள்ளைகள் இன்றும் அதே கடலைப் பார்த்தே வளர்கின்றனர். ஓமரின் கடலை ஆங்கிலத்திற் படித்தறியும் அவர்கட்கு, நத்தத்தனாரின் கடலைத் தமிழிற் கதையாக்கித் தருவது தமிழறிந்தார் கடன்.

தமிழாசிரியர்களே, புலவர்களே, எழுதும் ஆற்றல் வாய்ந்த நங்கையரே! மூலநூலைக் கற்றுப் பத்தாண்டு உழைத்த கிரேக்க ஆசிரியையின் உழைப்பைக் கொள்க. கவர்தலைக் காதலாக்கும் வாணிகப் பதரைத் தள்ளுக. தொல்காப்பியர் தந்த அன்பின் அளவுகோலைக் கையில் ஏந்துக. பெயரற்ற அப் பெண்ணுக்கு ஒரு பெயர் சூட்டி, அவள் கதையை அவள் மொழியிலேயே எழுதுக!