இஞ்சினீயர் பட்டமும் அப்ரண்டீஸ் கூலியும்

"மின்சாரமும் எலெக்ட்ரானிக்ஸும் படித்தால் பையன் வாழ்க்கை பிரகாசம்!" வருஷம் தவறாமல் கல்லூரி முதலாளிகள் அடிக்கும் தண்டோரா இது. ஆலையில் ராப்பாளி பார்த்தவன் பிராவிடண்ட் பணத்தை எடுக்கிறான். நாற்று நட்டவள் கம்மலை அடகு வைக்கிறாள். நாலு வருஷம் கழித்துப் பையன் பட்டத்தோடு வந்து நிற்கிறான். வேலை எங்கே?

மின்சாரத்தின் அருமையை ஆலைத் தொழிலாளிக்கு யாரும் போதிக்க வேண்டாம். 1932-ல் பைகாராவில் பிறந்த மின்சாரம்தான் கோவை ஆலைகளின் கதிர்களைச் சுழற்றியது. 1957-ல் மின்சார வாரியம் அமைந்தது. கிராமத்துக்குக் கம்பி போயிற்று, கிணற்றில் பம்புசெட் ஓடிற்று, படித்தவனுக்கு நிரந்தர உத்தியோகமும் கிடைத்தது. இன்றோ கம்பத்தில் ஏறுகிறவன் ஒப்பந்தத் தொழிலாளி! நிரந்தரம் கேட்டு அவன் வருஷக்கணக்காகப் போராடுகிறான். தனியாரிடம் மின்சாரம் வாங்கப் பணம் உண்டு. ஆள் போட மட்டும் பணம் இல்லையாம்!

சரி, தனியாரிடம் போனால்? "நீ தொழிலாளி அல்ல, அப்ரண்டீஸ்" என்கிறான். இது வாய்ஜாலம் அல்ல தோழர்களே, சட்டம்! 1961-ம் வருஷத்து அப்ரண்டீஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, பயிற்சி பெறுகிறவன் தொழிலாளி அல்ல என்று பச்சையாகவே சொல்கிறது. தொழிலாளி அல்ல என்றால் தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பும் அவனுக்கு இல்லை. 2019-ல் மத்திய சர்க்கார் திருத்திய விதியில் பட்டதாரி அப்ரண்டீசுக்குக் குறைந்தபட்சத் தொகை மாதம் ரூ.9,000. 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு ரூ.346. கொத்தனாரிடம் சொன்னால் சிரிப்பார். பயிற்சி முடிந்தவனுக்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்குக் கிடையாது. அவன் போனால் இன்னொருவன் வருகிறான். யந்திரம் அதே, வேலை அதே, கூலி மட்டும் ஏறுவதே இல்லை.

"அந்நியக் கம்பெனி வரட்டும், வேலை பெருகும்" என்றார்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. சலுகைகளை வாங்கிக்கொண்டது. 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். செல்போனின் மூளையை வரைந்தது வேறு தேசம். இங்கே நடந்தது சாமானைப் பொருத்துவதும் டப்பாவில் அடைப்பதும்தான். அதில் இஞ்சினீயருக்கு எத்தனை இடம் இருக்கும்? தன் சட்டை வெள்ளை, தான் தொழிலாளி அல்ல என்று நினைத்திருந்த பையனுக்கும் அதே வாசல்தான், அதே வெளியேற்றம்தான்.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். 2024 செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் உறுதியாக நின்றார்கள். எதற்கு? சங்கம் வைக்கும் உரிமைக்கு! 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

"நம்மைப்போல் மகன் கஷ்டப்படக் கூடாது" என்று படிக்க வைத்தீர்கள். நியாயம்தான். ஆனால் சங்கத்தைக் கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று அவனுக்கு யார் சொன்னது?

காலி இடங்களை நிரப்பு! ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்கு! ஒரே யந்திரத்தில் ஒரே வேலை செய்யும் அப்ரண்டீசுக்கு ஒரே கூலி கொடு! அடுத்த வாயிற்கூட்டத்துக்கு வரும்போது, பட்டம் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் கையோடு அழைத்து வாருங்கள்.