வித்தா குத்தமாய்யா? - கைமாத்த விடாத கேம் பொட்டி பத்தி

காசு குடுத்து வாங்கின கேமை, ஆடி முடிச்சப்புறம் விக்கவும் விடாம, நண்பனுக்குக் குடுக்கவும் விடாம தடுக்கற ஒரு கேம் கன்சோலை வாங்கலாமா, வேணாமா?

வேணாம். ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கறவங்க இத்தோட எஸ்கேப் ஆகிக்கலாம். மத்தவங்க உக்காருங்க, கொஞ்சம் நீளமாப் பேச வேண்டியிருக்கு.

'ஏம்ப்பா, இந்தப் பஞ்சாயத்து 2013லயே முடிஞ்சு போச்சே, மைக்ரோசாஃப்ட்காரங்க கும்பிடு போட்டு வாபஸ் வாங்கிட்டாங்களே'ன்னு சிலர் கேப்பீங்க. முடியலைங்க. அதான் என் வயித்தெரிச்சலே. அன்னிக்கு முன்வாசல்ல வச்சு விரட்டினோம். அது கொல்லைப்பக்கமாச் சுத்தி வந்து கூடத்துல சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. நாமளும் காபி குடுத்து உபசரிச்சுக்கிட்டு இருக்கோம்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி.

2013 மே 21ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்'ங்கற பொட்டியை அறிவிச்சாங்க. ஜூன் 6ஆம் தேதி அதோட சட்டதிட்டங்களை வெளியிட்டாங்க. சுருக்கமா இதான்:

1. 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பொட்டி இண்டர்நெட் வழியாப் போய் 'உள்ளேன் ஐயா' சொல்லணும். சொல்லலைன்னா கேம் ஓடாது. நண்பன் வீட்டுப் பொட்டில உங்க கணக்குல நுழைஞ்சு ஆடினா, மணிக்கு ஒரு தடவை ஆஜர்.

2. பழைய கேமை விக்கணும்னா, கேம் வெளியிட்ட கம்பெனி சம்மதிக்கணும். அதுவும் அவங்க ஒத்துக்கிட்ட கடைங்கள்ல மட்டும்தான்.

3. நண்பனுக்குச் சும்மா குடுக்கலாம். ஆனா அவர் உங்க நண்பர் பட்டியல்ல 30 நாளாவது இருந்திருக்கணும். ஒரு கேமை ஒரே ஒரு தடவைதான் அப்படிக் குடுக்கலாம். இதுக்கும் கம்பெனியோட தயவு வேணும்.

4. இரவல், வாடகை ரெண்டும் ஆரம்பத்துல கிடையாது.

5. முதல்ல 21 நாட்டுலதான் பொட்டி வேலை செய்யும்.

அந்த அஞ்சாவதைக் கவனிங்க. 21 நாட்டுல இந்தியா இல்லை, இலங்கை இல்லை, சிங்கப்பூர், மலேசியா இல்லை. ஏன், ஜப்பானே இல்லை. போலந்தும் இல்லை. 'தி விட்சர் 3' கேமை எடுத்த சிடி புராஜெக்ட் ரெட் போலந்துக் கம்பெனி. அந்த கேமை மேடையில காட்டி கைத்தட்டு வாங்கினது மைக்ரோசாஃப்ட். ஆனா எடுத்தவங்க சொந்த ஊர்ல அந்தப் பொட்டில ஆட முடியாது! அமெரிக்காவுல ஆன்சைட் போன நம்மாளு ஒருத்தர் ஆசையா ஒண்ணை வாங்கி, துணிமணிக்கு நடுவுல பத்திரமா வச்சு மீனம்பாக்கத்துல வந்து இறங்கினார்னு வைங்க. கையில இருக்கறது 500 டாலர் செங்கல்.

'இண்டர்நெட் இல்லாதவங்க என்ன பண்றது?'ன்னு கேட்டப்போ, அப்போ எக்ஸ்பாக்ஸ் தலைமையில இருந்த டான் மேட்ரிக் சொன்ன பதிலோட சாரம்: அவங்களுக்குத்தான் எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கே. அதாவது பழைய பொட்டியையே கட்டிக்கிட்டு அழுங்கன்னு அர்த்தம்.

சோனி சும்மா இருப்பாங்களா? ஜூன் 10ஆம் தேதி ஈ3 மேடையில ஜாக் ட்ரெட்டன் ஏறி, பிளேஸ்டேஷன் 4ல பழைய கேம் தாராளமா ஓடும், தினமும் ஆஜர் சொல்ல வேண்டாம்னார். அரங்கம் அதிர்ந்துச்சு. விலையும் 399 டாலர், எக்ஸ்பாக்ஸை விட 100 கம்மி. பத்தாததுக்கு அரை நிமிஷம்கூட ஓடாத ஒரு வீடியோ. பிளேஸ்டேஷன்ல கேமை நண்பனோட பகிர்ந்துக்கறது எப்படி? ஷுஹே யோஷிடா ஒரு டிஸ்க்கை ஆடம் பாய்ஸ் கையில குடுக்கறார். அவர் நன்றி சொல்றார். முடிஞ்சது, அவ்ளோதான்.

ஒன்பது நாள்ல, ஜூன் 19ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் எல்லாத்தையும் வாபஸ் வாங்கிட்டாங்க. ஊரே கொண்டாடுச்சு. கொசுவத்தி முடிஞ்சது.

இனிமேத்தான் கதையே.

2019 மே மாசம் அதே மைக்ரோசாஃப்ட், டிஸ்க் போடற வழியே இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் மாடலை விட்டாங்க. 2020 நவம்பர்ல எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், அதுலயும் டிஸ்க் கிடையாது. அதே மாசம் பிளேஸ்டேஷன் 5 ரெண்டு விதமா வந்துச்சு: டிஸ்க் டிரைவ் இருந்தா 499 டாலர், இல்லாட்டி 399. 2013ல மேடையேறி நம்ம உரிமைக்குக் குரல் குடுத்த அதே சோனி! 2024 நவம்பர்ல பிளேஸ்டேஷன் 5 ப்ரோ வந்தப்போ விலை 700 டாலர், அதுல டிரைவே கிடையாது. வேணும்னா தனியா 80 டாலர் அழுது வாங்கி மாட்டிக்கணும்.

2013ல அவங்க பண்ணின தப்பு ஒண்ணுதான்: தடையை எழுத்துல போட்டாங்க. எழுத்துல இருந்ததால நாம படிச்சோம், கொதிச்சோம். இப்போ ஒரு வரிகூட எழுதாம, டிஸ்க் போடற ஓட்டையை மட்டும் எடுத்துட்டாங்க. 'பழைய கேமை விக்கக்கூடாது'ன்னு எங்கயும் போடலையே? விக்கறதுக்கு உங்க கையில ஒண்ணும் இல்லை, அவ்ளோதான். பலன் ரெண்டுலயும் ஒண்ணேதான். சொல்லப்போனா 2013 சட்டத்துல ஒரு தடவையாவது நண்பனுக்குக் குடுக்க வழி இருந்துச்சு.

நின்டெண்டோவும் லேசுப்பட்டவங்க இல்லை. 2025 ஜூன் 5ஆம் தேதி வந்த ஸ்விட்ச் 2ல 'கேம் கீ கார்டு'ன்னு ஒரு சமாச்சாரம். கடையில டப்பா வாங்குவீங்க, உள்ளே கார்டும் இருக்கும், ஆனா கார்டுக்குள்ள கேம் இருக்காது. வெறும் சாவிதான். கேமை இண்டர்நெட்ல இறக்கிக்கணும். நியாயமாச் சொல்லணும்னா, அந்தக் கார்டை விக்கலாம், இரவல் குடுக்கலாம். அந்த அளவுக்கு டிஸ்க் இல்லாத பொட்டிங்களை விடத் தேவலை. ஆனா இறக்கித் தர்ற சர்வர் இருக்கற வரைக்கும்தான் அந்தச் சாவிக்கு மதிப்பு.

சரி, எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம். ஒவ்வொண்ணா எடுத்து வைக்கறேன்.

'செகண்ட் ஹேண்ட்ல வித்தா கேம் எடுத்தவனுக்குப் பைசா வராதே?'

இருக்கறதுலயே கொஞ்சம் வலுவான வாதம் இதுதான். உண்மைதாங்க, வராது. பழைய புத்தகம் வித்தா எழுத்தாளருக்கு வராது. பழைய பீரோ வித்தா பீரோ கம்பெனிக்கு வராது. பழைய டிவிஎஸ் 50 வித்தா டிவிஎஸ்காரங்களுக்கு வராது. யாரும் வந்து கேக்கறதும் இல்லை. முதல் தடவை வித்தப்பவே அவங்க பங்கு வந்துடுச்சு.

இது நான் கண்டுபிடிச்ச நியாயம் இல்லை. அமெரிக்காவுல பாப்ஸ் மெரில்னு ஒரு பதிப்பகம், 'ஒரு டாலருக்குக் கம்மியா வித்தா காப்பிரைட் மீறல்'னு புத்தகத்துக்குள்ளயே அச்சடிச்சு வித்தாங்க. மேசிஸ் கடைக்காரங்க 89 செண்டுக்கு வித்தாங்க. வழக்கு 1908ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஒரு தடவை வித்த பிரதி அடுத்து என்ன விலைக்கு விக்கணும்னு சொல்ற அதிகாரம் உனக்கில்லைன்னு பதிப்பகத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஜப்பான்ல கேம் கம்பெனிங்களே பழைய கேம் விக்கற கடைங்க மேல வழக்குப் போட்டாங்க. 2002ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கடைக்காரங்க பக்கம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. கோர்ட்டுல தோத்ததை இப்போ ஸ்க்ரூ டிரைவர்ல ஜெயிக்கறாங்க.

இன்னொண்ணும் இருக்கு. புது கேம் 70 டாலர். முடிச்சுட்டு 35க்குத் தள்ளிடலாம்னு தெரிஞ்சா, 70 குடுக்கத் தைரியம் வரும். அந்த 35 அடுத்த புது கேமுக்குப் போகும். திருப்பி விக்க முடியாதுன்னா அதே கேம் எனக்கு முழு 70. அப்போ விலையைக் குறைச்சாங்களா? அச்சு, டப்பா, லாரி, கடைக்காரர் கமிஷன் எதுவுமே இல்லாத டவுன்லோடுக்கும் வெளியாகற அன்னிக்கு அதே 70தான். மிச்சம் யார் பாக்கெட்டுக்குப் போகுதுன்னு நான் சொல்லணுமா?

பழைய கேம் தாராளமா ஓடின பிளேஸ்டேஷன் 4, 11 கோடியே 70 லட்சத்துக்கு மேல வித்துச்சு. அதுல யாரும் திவாலாகலை.

'ஸ்டீம்லயும் விக்க முடியாதே, அதை மட்டும் ஒத்துக்கறீங்க?'

ஒத்துக்கலைங்க. 2019ல பாரிஸ் கோர்ட் ஒண்ணு ஸ்டீம் கேமை திருப்பி விக்கலாம்னுச்சு. 2022ல மேல்முறையீட்டுல அது போச்சு. எனக்கு வருத்தம்தான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஸ்டீம் சரியில்லைன்னா எபிக் இருக்கு, ஜிஓஜி இருக்கு. ஜிஓஜில இறக்கி வச்சுக்கிட்டா அவங்க கடையே மூடினாலும் உங்க கேம் ஓடும். கடைக்குக் கடை போட்டி, அதனால தள்ளுபடி. டிஸ்க் இல்லாத கன்சோல்ல தெருவுக்கே ஒரே கடை. அந்தக் கடைக்காரர்தான் தெருவுக்கும் சொந்தக்காரர். அவர் சொன்னதுதான் விலை.

'2013 திட்டத்துல 10 பேருக்குக் குடும்பப் பகிர்வு இருந்துச்சே, கத்திக் கத்திக் கெடுத்துட்டீங்களே!'

இன்னும் இதைச் சொல்றவங்க இருக்காங்க. அந்தத் திட்டம் நல்லாவே இருந்திருக்கலாம். ஆனா அது சலுகை. ஒரு அப்டேட்ல குடுப்பாங்க, அடுத்த அப்டேட்ல எடுப்பாங்க. என் அலமாரில இருக்கற டிஸ்க்கை அப்படி எடுக்க முடியாது.

'டிஸ்க்குலயே முழு கேம் இருக்கறதில்லை, அப்புறம் எதுக்கு டிஸ்க்?'

பல கேமுக்கு இது உண்மை. இன்னும் மோசமான உதாரணம் நானே தர்றேன். யூபிசாஃப்டோட 'தி க்ரூ' கார் பந்தய கேமை 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரோட சேத்து மூடிட்டாங்க. டிஸ்க் வச்சிருந்தவங்களுக்கும் கேம் போச்சு. தனியா ஆடறதுக்குக்கூட வழியில்லை. டிஸ்க் இருந்தா மட்டும் எல்லாம் பத்திரம்னு நான் சொல்ல வரலை. ஆனா பூட்டு பலமில்லைன்னா நல்ல பூட்டு கேக்கணும். கதவையே கழட்டிக் குடுக்கறதா?

கேக்கவும் செய்யறாங்க. அந்த கேம் மூடினதுலேருந்து கிளம்பின 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தோட ஐரோப்பிய மனுவுக்கு 2025 ஜூலைல 10 லட்சம் கையெழுத்து தாண்டிடுச்சு. கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரி 1லேருந்து ஒரு சட்டம்: வெறும் லைசென்ஸை வித்துட்டு, அதைத் தெளிவாச் சொல்லாம 'வாங்கு'ங்கற வார்த்தையைப் போடக்கூடாது. பொட்டிக்காரங்க சொல்லாததை அரசாங்கம் சொல்ல வைக்குது பாருங்க. நீங்க வாங்கலை, குடியிருக்கீங்க. அதுவும் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காத வாடகை வீட்டுல.

இதுல யாருக்கு நஷ்டம்? 70 டாலரை யோசிக்காம எடுத்து வைக்கறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாதி விலைக்கு வந்தாத்தான் ஆட முடியும்ங்கற பையனுக்குத்தான். நம்ம கதையே எடுத்துக்கங்க. திருவல்லிக்கேணி நடைபாதையில வாங்கின அட்டை கிழிஞ்ச புத்தகம், லீவுல மாத்தி மாத்திப் படிச்ச லயன், முத்து காமிக்ஸ். இதைப் பத்தி எழுதாத தமிழ்ப் பதிவர் யாராவது இருக்கீங்களா? புது விலை குடுத்தா நாமெல்லாம் படிக்க ஆரம்பிச்சோம்? 'இந்த இதழை 30 நாள் பழகின நண்பனுக்கு ஒரே ஒரு தடவைதான் குடுக்கலாம்'னு அட்டையில போட்டிருந்தா என்ன சொல்லியிருப்போம்?

அதனால, பொட்டி வாங்கற யோசனைல இருக்கறவங்களுக்கு என் சிபாரிசு இதான்:

- பிளேஸ்டேஷன் 5னா டிரைவ் இருக்கற மாடலா வாங்குங்க. விலை வித்தியாசத்தைப் பழைய கேம் வித்தே எடுத்துடலாம்.
- ஸ்லிம், ப்ரோ மாடலுக்குத் தனி டிரைவ் வாங்கினா, முதல் தடவை பொருத்தறதுக்கு இண்டர்நெட் கட்டாயம். அதையும் மனசுல வச்சுக்கங்க.
- ஸ்விட்ச் 2 கேம் டப்பால 'கேம் கீ கார்டு'ன்னு முன்பக்கம் போட்டிருக்கும். பாக்காம எடுக்காதீங்க.
- டிஸ்க் இல்லாத பொட்டியை ஏற்கனவே வாங்கிட்டவங்க கோவிச்சுக்காதீங்க. ஆடுங்க. ஆனா 'எல்லாரும் இதுக்கு மாறிட்டாங்க, டிஸ்க்கே வேணாம்'னு அவங்க கணக்குக் காட்டறப்போ உங்க பேரைச் சேத்துக்க விடாதீங்க. அடுத்த பொட்டிக்கு டிரைவ் கேளுங்க.

2013ல ரெண்டு வாரத்துல உலகத்துலயே பெரிய கம்பெனிங்கள்ல ஒண்ணைப் பணிய வச்சாங்க. கூச்சலோட, பக்கத்துக் கடைல 100 டாலர் கம்மிக்கு இன்னொரு பொட்டி இருந்ததும் காரணம். இன்னிக்கு ரெண்டு கடையும் டிரைவைக் கழட்டற வேலையில இறங்கியாச்சு. மிச்சமிருக்கற டிரைவ் மாடலும் விக்கலைன்னா அடுத்த தலைமுறைப் பொட்டில அது இருக்காது. அதனாலதான் இப்பவே கத்தறேன்.

ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க. முக்கியமா ஸ்டீம் ரசிகர்கள், உங்களுக்காகவே காத்துக்கிட்டு இருக்கேன் :-)

டிஸ்கி: மேலே சொன்ன விலையெல்லாம் அமெரிக்காவுல அறிமுகம் ஆனப்போ இருந்தது. உங்க ஊர்க் கடை விலையைப் பாத்துட்டு என்னைத் திட்டாதீங்க.